விரிந்த மூலைமட்டம்

ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு என்றால் மெஷினைப் பிரித்து மாட்டக் கற்றுத்தருவார்கள் என்று நினைத்துச் சேர்ந்தேன். முதல் ஆறேழு மாதம் அரம் பிடித்து இரும்பைத் தேய்த்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அதிலும் எங்களைப் போல விவசாயம் பார்க்கும் காட்டுக்காரர் வீட்டுப் பையன்கள் பாடு திண்டாட்டம். அரிவாளை முன்னும் பின்னும் இழுத்துத் தீட்டிப் பழகிய கை, அரத்தையும் அப்படியே இழுத்தது. அரம் முன்னே போகும்போதுதான் வெட்டும். திரும்பும்போது அழுத்தக் கூடாது. அழுத்தினால் தட்டையாக வரவேண்டிய இரும்பு இட்லி மாதிரி நடுவில் உப்பிவிடும். நான் அப்படி நிறைய இட்லி சுட்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்த வருஷம் சேலத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். செய்முறைத் தேர்வுக்கு அவரவர் கருவிகளோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். எடப்பாடியில் மாமாவின் விசைத்தறிக் கூடத்தில் அப்பா எனக்கு ஏற்கெனவே இடம் சொல்லி வைத்திருந்தார். இந்த வேலை கிடைக்காவிட்டால் தறிதான். தறிச் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. காதுக்குள் யாரோ குடியிருப்பதுபோல் இருக்கும்.

தேர்வு, ஆயுத பூசைக்கு மறுநாள் வந்து தொலைத்தது. அம்மா மண்வெட்டி, கொத்து, அரிவாளோடு என் அரங்களையும், மூலை நேராக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கும் ‘ட’ வடிவ மூலைமட்டத்தையும் கிணற்றடிக்கு எடுத்துப் போனாள். பித்தளைக் குடத்தைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிட்டாள். பூசைக்கு வைத்த ஆயுதத்தை மறுநாள் கற்பூரம் காட்டாமல் தொடக் கூடாது. அதனால் கடைசி நாள் பழகிப் பார்க்கவும் வழியில்லை. விடிந்ததும் அம்மா கற்பூரம் காட்டி, எல்லாவற்றையும் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே உள்ளே போய்விட்டாள்.

பஸ்ஸில் உட்கார்ந்து துண்டைப் பிரித்தேன். அரத்தின் பற்களில் சந்தனம் காய்ந்து அடைத்திருந்தது. அதைக் கம்பிப் பிரஷ்ஷால் எடுத்துவிடலாம். ஆனால் மூலைமட்டத்தின் முனையில் ஒரு புது நசுங்கல் இருந்தது. அழுக்குப் போகட்டும் என்று கல்லில் தட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். மட்டம் கோணியிருந்தால் அதை வைத்துக் கீறும் எந்த மூலையும் நேராக வராது. மகுடஞ்சாவடி தாண்டும்வரை மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போனேன். அவ்வளவு கோபம்.

தேர்வில் இரண்டு இரும்புத் துண்டுகளைக் கொடுத்து, ஒன்றுக்குள் ஒன்று வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்படி செய்யச் சொன்னார்கள். மூலைகள் நேராக இல்லாவிட்டால் பொருந்தாது. பக்கத்தில் இருப்பவனிடம் கருவி இரவல் கேட்டால் வெளியே அனுப்பிவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள்.

முதலில் ஒரு விளிம்பைத் தட்டையாக அராவினேன். கோடு எடுப்பாகத் தெரிய இரும்பின்மேல் மயில்துத்தத் தண்ணீர் தடவி, மூலைமட்டத்தை அந்த விளிம்பில் சாய்த்து ஒரு கோடு கீறினேன். பிறகு மட்டத்தைத் திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும். விழவில்லை, கோடுகள் கவட்டை மாதிரி மேலே பிரிந்து போயின. மட்டம் வாய் விரிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது கோடு கீறினேன். அதுதான் நேர்கோடு. அராவும்போது மூலையில் மட்டத்தை வைத்துப் பார்த்து, அடியில் ஒட்டி நுனியில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் சரி என்று வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தேர்வு அதிகாரி என் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஏம்ப்பா, ஒரு கோடு போடற எடத்துல எதுக்கு மூணு?”

“மூலைமட்டம் விரிஞ்சிருக்குதுங்க சார்.”

“கெட்டுப் போனதுன்னு தெரிஞ்சும் அதையே வெச்சு வேலை செஞ்சியா?”

“எவ்வளவு கெட்டிருக்குதுன்னு தெரிஞ்சு போச்சுங்களே சார்.”

அவர் இரண்டு துண்டுகளையும் பொருத்தி ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, வலது பக்க மேசையில் வைத்தார். சற்று நேரத்தில், தேர்வானவர்கள் என்று அந்த மேசையில் இருந்த துண்டுகளின் எண்களைத்தான் வாசித்தார்கள்.

ஊருக்குத் திரும்பியபோது அம்மா பஸ் நிற்கும் இடத்திலேயே நின்றிருந்தாள். வேலை கிடைத்ததா என்று கேட்கவில்லை.

“அந்த மூலைமட்டம் கோணிப் போச்சா சாமி? தொலக்கறப்பக் கை நழுவிக் கல்லு மேல உழுந்துருச்சு.”

“கோணித்தானுங்கம்மா இருந்துச்சு. ஆனா வேலை கெடைச்சிருச்சுங்க.”

அவள் அப்படியே சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

“காத்தாலயே சொல்லியிருக்கலாமுங்களே?” என்றேன்.

“சொன்னா உனக்குக் கை நடுங்கும் சாமி. எனக்கே நடுங்கட்டும்னு இருந்துட்டேன்.”