எண்பது விழுக்காடு முடிந்த கார்

மலேசியாவின் கிள்ளானில் பதினெட்டு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டும் புனிதாவுக்கு எதையும் பாதியில் பார்த்தால் கை பரபரக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் பாதிக்குச் சாயம் பூசிவிட்டு டீ குடிக்கப் போனால், அவர் திரும்பி வருவதற்குள் மீதியைப் பூசியிருப்பாள். கணவர் கமலநாதன் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால், சொல்லி முடிப்பது அவளாகத்தான் இருக்கும். முப்பது வருடத்தில் அவருக்கும் அது வசதியாகிவிட்டது.

அப்படிப்பட்டவள் கண்ணில்தான் முகநூலில் அந்த விளம்பரம் பட்டது. 1974ஆம் வருடத்து ஸ்டேஷன் வேகன் விற்பனைக்கு. புதுப்பிக்கும் வேலை எண்பது விழுக்காடு முடிந்தது. மீதியை முடிக்க ஆள் தேவை.

சனிக்கிழமையே இருவரும் தெலுக் பங்லிமா காராங்கிற்குப் போனார்கள். கார்க்காரர் சொக்கலிங்கம் அங்கே ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஒன்பது வருடமாக அந்தக் காரைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். அது கூரைக்குக் கீழே சொகுசாக நின்றது. குடும்பம் ஓட்டும் கார் வெளியே மழையில் நின்றது. எஞ்சின் தனியாக ஒரு மேசைமேல் இருந்தது. நான்கு கதவுகளில் ஒன்று வரவேற்பறையில் சாய்ந்திருந்தது.

இந்தக் கார் எல்லாருக்கும் சரிப்படாது என்று சொக்கலிங்கம் இழுத்தார். பின்கதவுக்கு மட்டும் இரண்டு வருடம் உழைத்ததை விவரித்தார். அவர் மனைவி சீதாலெட்சுமி தேநீரை வைத்துவிட்டுப் புனிதாவின் பக்கம் குனிந்தாள்.

"இன்னிக்கே எடுத்துக்கிட்டுப் போயிருங்கக்கா. இழுத்துட்டுப் போற லோரிக்கு நான் காலையிலேயே சொல்லிட்டேன்."

விளம்பரத்தைப் போட்டதே அவள்தான் என்பது பிறகு தெரிந்தது.

காருடன் இருபத்தாறு மைலோ டின்களில் நட்டுகளும் புனிதாவின் வீட்டில் வந்து இறங்கின. எது எதற்கு என்று எந்த டின்னிலும் எழுதவில்லை. தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்றாள் புனிதா. எந்தத் தீபாவளி என்று கமலநாதன் கேட்க வாயெடுப்பதற்குள், இந்தத் தீபாவளிதான் என்று அவளே முடித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறு, டின்களைப் பற்றி விளக்குவதற்காகச் சொக்கலிங்கம் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். வாரம் முழுக்கப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு புனிதா பூட்டியதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அவர் கழற்றினார். ஸ்க்ரூவின் தலை அந்தக் காலத்து அச்சில் இல்லையாம். வாஷர் அரை மில்லிமீட்டர் கூடுதல் தடிமனாம். ஆறு வாரத்தில் கார் எண்பதிலிருந்து எழுபதுக்கு இறங்கியிருந்தது. ஒன்பது வருடம் எப்படிப் போயிற்று என்பது புனிதாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

சீதாலெட்சுமிக்குப் போன் போட்டு, அவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும்படி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"இப்பத்தான்க்கா ஞாயித்துக்கெழம என் வீடு அமைதியா இருக்கு," என்றாள் அவள். "வேணும்னா மத்தியானச் சாப்பாடு கொடுத்து அனுப்புறேன் லா."

வேறு வழியில்லை. அடுத்த ஞாயிறு சொக்கலிங்கம் வந்ததும், சமையலறைக்குப் பின்னால் அவருக்கு ஒரு மேசையும் மின்விசிறியும் போட்டுக் கொடுத்து, டேஷ்போர்டு கடிகாரத்தைக் கையில் வைத்தாள்.

"அண்ணே, இது உங்க கைக்குத்தான் அடங்கும். மத்ததெல்லாம் முரட்டு வேல."

மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான்கு மாதம் அந்தக் கடிகாரத்தைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார். இந்தப் பக்கம் புனிதாவும் அவளுடைய வேன் மெக்கானிக்கும் எஞ்சினை ஏற்றினார்கள், பிரேக்கைச் சரி செய்தார்கள், வயர் இழுத்தார்கள். தீபாவளியும் பொங்கலும் போய், ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் உறுமியது.

சொக்கலிங்கம் கையில் ஸ்க்ரூடிரைவரோடு ஓடி வந்தார். போனட்டின்மேல் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கடிகாரத்த எதுக்குக் கொடுத்தீங்கன்னு எனக்குத் தெரியும்மா," என்றார். "நானா இருந்தா முடிச்சிருக்க மாட்டேன்."

 புனிதா உள்ளே போய்த் தேநீர் போட்டாள்.

சாலை வரி, வாகனச் சோதனை எல்லாம் முடிந்ததும், நான்கு பேரும் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்கு வாழையிலைச் சோறு சாப்பிடப் போனார்கள். போகும்போது புனிதா ஓட்டினாள். திரும்பும்போது சாவியைச் சொக்கலிங்கத்திடம் நீட்டினாள். அவர் பெடரல் ஹைவேயில் இடது ஓரமாக, அறுபதைத் தாண்டாமல் ஓட்டினார். லோரிகள் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போயின. நடந்தே வந்திருக்கலாம் என்று முணுமுணுத்த சீதாலெட்சுமி, சுபாங் வருவதற்குள் தூங்கிப்போனாள். அவள் பக்கத்தில், பின்னிருக்கையில், புனிதாவின் வலது கால் ஷா ஆலம் வரைக்கும் இல்லாத ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே வந்து, அதற்குப் பிறகுதான் ஓய்ந்தது.