மீனுக்கும் புரட்டாசி விரதமா?

என் ஃபைட்டர் மீன் நான்கு நாளாகத் தீனியைத் தொடவில்லை. மீன் கடைக்காரர், "உசுரோட புழு போடும்மா, பொழைச்சுக்கும்" என்று ஒரு பாக்கெட் கொடுத்தார்.

வாசலிலேயே அம்மா மறித்தார். "புரட்டாசியில விரதம் இருந்துக்கினு, வீட்டுக்குள்ள உசுரக் கொல்றதா?"

"மீனுக்கு என்னம்மா விரதம்?"

"இந்த வீட்லதானே இருக்குது? மாசம் முடியட்டும்."

சொல்லும்போதே அம்மா கையிலிருந்த கொசு பேட் 'பட்' என்றது. கொசுவுக்கு உயிரில்லையா என்று கேட்க நாக்கு துடித்தது. பாக்கெட்டோடு உள்ளே போனேன்.

மாதம் முடியப் பதினோரு நாள் இருக்கிறது. மீன் மூலையில் அசையாமல் நிற்கிறது. பாக்கெட்டில் புழுக்கள் நெளிகின்றன. எனக்குப் படிப்பு ஓடவில்லை.

இப்போது அம்மா வரதர் கோயிலுக்குப் போயிருக்கிறார். புழுவைப் போடப் போகிறேன்.

பெருமாளிடம் நானே சொல்லிக்கொள்வேன். அம்மாவிடம் சொல்ல உங்களில் யார் வருகிறீர்கள்?