சீனி இல்லாத பாயசம்

இதை எழுதலாமா என்று பல வருடங்கள் தயங்கினேன். என் மனைவியின் மானமும் இதில் இருக்கிறது. இப்போது அவளே "எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டாள்.

மகளின் கலியாணத்தைப் பேசி முடிக்கப் புளியங்கூடலுக்குப் போயிருந்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மனைவி நாலு இலையைத் தந்து, "பிள்ளையார் கோயில் இலை, சப்பி விழுங்குங்கோ" என்றாள். பிள்ளையார் பெயரைச் சொன்னால் நான் கேள்வி கேட்பதில்லை. கசப்பைப் பொறுத்துக்கொண்டு விழுங்கினேன்.

மாப்பிள்ளையின் தாய் பாயசம் தந்தார். சண்டையால் சீனிக்குத் தட்டுப்பாடான காலம். ஒரு வாய் குடித்தேன். வெறும் சவ்வரிசிக் கஞ்சி.

"சீனி போட மறந்திட்டியள் போல" என்று சொல்லிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையை விட்டு எழும்பினார். "எங்களை இல்லாதவை எண்டு குத்திக் காட்டுறீரோ?"

கலியாணம் குழம்பிவிட்டது என்றே நினைத்தேன். மனைவி அழத் தொடங்கினாள்.

"அது குறிஞ்சா இலை, அக்கா. சப்பினால் இனிப்புத் தெரியாது. இவருக்கு உடம்பு ஊதிப்போச்சு, பாயசம் கனக்கக் குடிக்கமாட்டார் எண்டு குடுத்தனான்."

மாப்பிள்ளையின் தாய் வேலியில் படர்ந்திருந்த குறிஞ்சாவைப் பறித்துச் சப்பினார். பிறகு பாயசத்தைக் குடித்தார். முகம் சுருங்கியது. அடுத்த நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஓமப்பா, அவர் சொன்னது உண்மைதான்! நீங்களும் சப்புங்கோ, உங்கடை வயிறும் கொஞ்சம் குறையட்டும்" என்று கணவரின் வாயிலும் இலையைத் திணித்தார். சம்பந்தம் அந்தச் சிரிப்பிலேயே பேசி முற்றாயிற்று.

கோபிக்க எல்லா நியாயமும் இருந்த அந்த அம்மா, முதலில் என் நாக்கின் நிலையை அறிந்து பார்த்தார். அந்த மனத்தைத்தான் இன்றும் பிள்ளையாரிடம் கேட்கிறேன்.

இதைப் பிறருக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பாயசத்தில் சீனி நிறையவே இருந்தது.