என் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட தப்பு

என் வீட்டுக்காரருக்குக் கார் சக்கரம் மாட்டுவது தொழில். கடையில் பில் போடுவது நான், வந்தவர்களைப் பகைத்துக்கொள்வது அவர். "இந்த வீல் உங்க வண்டிக்கு ஒத்து வராது, முடியாது" என்று பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். தெருவில் அவருக்கு 'முடியாது' என்றே பெயர். இருபத்திரண்டு வருடத்தில் தன் கை வேலையில் தப்பு என்று அவர் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை. தப்பு நடந்ததும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

போன மாதம் அவருடைய தங்கை கணவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாலு அலாய் வீல் வாங்கி வந்தார். பார்க்க அழகுதான், ஆனால் ஆஃப்செட் தப்பு. அதாவது, சக்கரம் வண்டியில் போய் உட்காரும் இடம் சரியில்லை. ஏழு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நின்று, டயர் ஷாக் அப்சார்பரில் உரசியது.

"வேற மாத்திட்டு வாங்க மாப்ளே" என்றார் இவர். மாப்பிள்ளை மசியவில்லை. தங்கை முகத்துக்காக இவரே இறங்கி வந்து, உரசாத அளவுக்குச் சக்கரத்துக்குப் பின்னால் ஐந்து மில்லி ஸ்பேசர் வைத்து மாட்டிக் கொடுத்தார். ஸ்பேசர் என்பது ஒரு வட்டத் தகடு, அவ்வளவுதான். அது தடிக்கத் தடிக்க நட்டுக்குப் பிடிமானம் குறையும். ஒவ்வொரு நட்டும் ஏழு சுற்று ஏறுகிறதா என்று எண்ணிப் பார்த்துத்தான் அனுப்பினார். மாப்பிள்ளைக்கு முகம் தொங்கிப் போனது. சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டுமாம்.

போன ஞாயிறு காலை பத்து மணிக்கு நாத்தனார் போன் செய்தாள். நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள், நாலு வயதுப் பெண் குழந்தை பின் சீட்டில்.

"அண்ணா, ஸ்டீயரிங் உதறுது. இடது பக்கம் டக்கு டக்குன்னு சத்தம். இவரு ரோடு சரியில்லங்கறாரு."

"ஸ்பீக்கர்ல போடு. மாப்ளே, எவ்வளவு வேகத்துல போறீங்க?"

"நூறுதான் மச்சான். ஒண்ணுமில்ல, இவ சும்மா பயப்படுறா."

"வண்டிய ஓரமா நிறுத்துங்க. அந்த ஸ்பேசரை ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் எதுக்கு அதைத் தொடப்போறேன்?" குரல் விறைத்துக்கொண்டது. "நேரமாச்சு. போய்ச் சேர்ந்து பார்த்துக்கலாம்."

தான் வைத்த தகட்டில் வண்டி உதறாது என்பது இவருக்குத் தெரியும். இன்னொரு தடவை கேட்டால் மாப்பிள்ளை வீம்புக்கு இன்னும் மிதிப்பார் என்பதும் தெரியும். போனில் அந்தச் சத்தம் எனக்கே கேட்க ஆரம்பித்தது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மாப்ளே, தப்பு என்னோடது. நட்டைச் சரியா முறுக்காம அனுப்பிட்டேன். பிரேக்கை அழுத்தாதீங்க. காலை மட்டும் எடுத்துட்டு, மெதுவா ஓரம் கட்டுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

போனில் இண்டிகேட்டர் சத்தம் கேட்டது.

"இதை அப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றார் மாப்பிள்ளை.

நாங்கள் போய்ச் சேர நாற்பது நிமிடம் ஆனது. இடது முன் சக்கரத்தில் ஐந்து நட்டில் இரண்டைக் காணோம். இன்னொன்றில் நட்டு ஏறும் ஸ்டட்டே முறிந்து, நட்டோடு போயிருந்தது. மிச்சம் இரண்டையும் இவர் விரலாலேயே கழற்றினார். உள்ளே இருந்தது இவர் வைத்த ஐந்து மில்லி தகடு இல்லை, பன்னிரண்டு மில்லி ஸ்பேசர். அதில் நட்டு இரண்டு சுற்றுதான் ஏறியிருக்கும். அவர் அதைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கானால் அதை எடுத்து மாப்பிள்ளை நெற்றியில் ஒட்டக் கை பரபரத்தது.

மாப்பிள்ளை பெண்டாட்டி பக்கம் திரும்பினார். "பார்த்தியா உங்க அண்ணன் வேலைய. குழந்தை உயிரே போயிருக்கும்."

"ஆமா மாப்ளே" என்றார் இவர், தலையைத் தூக்காமல். நாளைக்கும் தங்கை அந்த வீட்டில்தானே இருக்க வேண்டும்.

நாத்தனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு புருஷனையே பார்த்தாள். சத்தம் போடவில்லை.

"நேத்து நீங்க அந்தத் தகட்டை மாத்த ஜாக்கி போட்டப்ப, வண்டி உருளாம கல்லு வெச்சது நான்தானே. அண்ணன்கிட்ட சொல்லாதேன்னீங்க. சொல்லல. இன்னைக்குப் போன்லயும் சொல்லல. இவ பின்னாடி உட்கார்ந்திருந்தா, அப்பவும் நான் சொல்லல."

பிறகு எங்கள் வண்டியின் கதவைத் திறந்து, குழந்தையோடு ஏறி உட்கார்ந்தாள்.