மௌஸைப் பிடுங்கும் கை

நூலக ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போனவள் நான். பொதுமக்களுக்காகப் போட்டிருக்கும் கணினிகளில் யாராவது திணறினால் எப்படி உதவுவது என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் கணினி வகுப்பு எடுத்து, கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய், அந்த வேலையை விட்டபிறகு கிடைத்தது இது. இடம் உலு திராமில் ஒரு சின்ன நூலகம், சனிக்கிழமை மட்டும். உதவி செய்வதைக்கூடவா ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்று முதல் நாள் காரை நிறுத்தும்போது சிரிப்பு வந்தது. உள்ளே போன கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

நம் ஆட்களுக்கு உதவி என்றால் பிடுங்கிச் செய்வது. யாராவது பெரியவர் கணினி முன்னால் உட்கார்ந்து "இது எங்கம்மா இருக்கு?" என்று வாயைத் திறப்பார். அவ்வளவுதான். நூலக உதவியாளர் ஓடி வந்து, "இங்க குடுங்க அங்கிள்" என்று மௌஸை வாங்கி, டக்கு டக்கென்று தட்டி, அச்செடுத்த தாளைக் கையில் கொடுத்து வழியனுப்பிவிடுவார். பெரியவர் வாழ்த்திவிட்டுப் போவார். அடுத்த வாரம் அதே கேள்வியோடு வந்து நிற்பார். இரண்டு பேருக்கும் அதில் பரம திருப்தி.

அந்த உதவியாளர் நாற்பதை எட்டிய தமிழ்ப் பெண். ரெங்கம் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்து, கல்யாணமாகி உலு திராமுக்கு வந்தவர். நல்ல மனசு, அதைவிட வேகமான விரல். "உங்கள் கை மௌஸில் படக்கூடாது, வாயால் மட்டும் சொல்லுங்கள்" என்று நான் சொன்னபோது, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசியது போல என்னைப் பார்த்தார்.

"என்னா மிஸ் இப்படிச் சொல்றீங்க? பெரியவங்க கஷ்டப்படறத பாத்துக்கிட்டு சும்மா நிக்கறதா? பாவம்லா! வெளிய போய் என்னைத் திமிர் புடிச்சவன்னு சொல்லுவாங்க."

அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியை, நீயே போய்ச் சோறு போட்டுக்கொள் என்று சொல்வது மாதிரிதான் அவருக்கு இது. எனக்குப் புரிந்தது. ஆனாலும் விடவில்லை, என் குணம் அப்படி.

ஒத்திகைக்கு ஒரு பொதுஜனம் தேவைப்பட்டது. வாசல் காவலர் தானே முன்வந்தார். அவரைப் பயிற்சிக்கு யாரும் கூப்பிடவில்லை. வாசலில் நின்று அலுத்துப்போய், முதல் நாளே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டவர். "ஒன்றும் தெரியாதவர் மாதிரி நடியுங்கள் அங்கிள்" என்றேன். மனிதர் பாத்திரத்தில் இறங்கிவிட்டார். கணினியைத் திட்டினார், உதவியாளரைத் திட்டினார், "ஒங்க பெரியாளக் கூப்புடு!" என்று மேசையைத் தட்டினார். தலைமை நூலகரான மலாய்க்காரப் பெண்மணி நிஜமாகவே ஏதோ தகராறு என்று பதறி ஓடி வந்தார். அவருக்கு விளக்கிச் சொல்வதிலேயே அன்றைய பாடம் முடிந்தது.

"யாராவது பாஸ்வர்டு தட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்" என்று இன்னொரு நாள் சொன்னேன். உதவியாளர் சிரித்தார்.

"திரும்பி என்னா மிஸ் ஆகப்போவுது? இங்க எல்லாருக்கும் கார் நம்பர்தான் பாஸ்வர்டு. ஜன்னல் வழியா பாத்தா கார் நிக்குது."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. அன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக என் பாஸ்வர்டை மாற்றினேன்.

எவ்வளவு சொன்னாலும் அந்தக் கை மட்டும் அடங்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, அலமாரியிலேயே தடிமனான மலாய் அகராதியை எடுத்து வந்து, "இரண்டு கையாலும் இதை அணைத்துப் பிடித்துக்கொண்டு உதவி செய்யுங்கள்" என்று கொடுத்தேன். தலைமை நூலகர் எட்டிப் பார்த்து, கிழிந்தால் யார் பொறுப்பு என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். உதவியாளர் முகவாயால் திரையைக் காட்டினார். பிறகு மெல்லக் குனிந்து முழங்கையால் மௌஸைத் தட்டப் பார்த்தார். "முழங்கையும் கைதான்!" என்று கத்தினேன். நூலகத்தில் அமைதி காக்கவும் என்ற பலகை என் தலைக்கு மேல்தான் இருந்தது.

கடைசிச் சனிக்கிழமை, மதியத்துக்கு மேல் ஓர் ஆன்ட்டி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்களாம். பெர்மாஸ் ஜெயாவில் ஒரு தனியார் மருத்துவமனைச் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள், கணினியில்தான் விண்ணப்பிக்க வேண்டும், அன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நூலகமும் ஐந்து மணிக்குத்தான் மூடும்.

"மகன்கிட்ட ரெண்டு வாரமா சொல்றேம்மா. போடறேன்மா, போடறேன்மாங்கறான். தெனமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்ட்டு வர்றான், அவனுக்கும் அலுப்புதான். ஆனா நான் வேலைக்குப் போறது அவனுக்குப் புடிக்கல. அத வாயத் தொறந்து சொல்லமாட்டான். வீட்லயே நாலு செவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிரும். இப்பகூட தையல் புக்கு பாக்கப் போறேன்னு சொல்லித்தான் வந்திருக்கேன். அவன்தான் எறக்கிவிட்டுட்டுப் போனான்."

உதவியாளர் என்னைப் பார்த்தார். கண்ணில் கெஞ்சல். நான் அகராதியைக் காட்டினேன். பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்து அணைத்துக்கொண்டார்.

ஆன்ட்டி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார். ஐ.சி. என்கிற அடையாள அட்டை எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"கீழ பாருங்க ஆன்ட்டி. இன்னும் கொஞ்சம் கீழ. அலமாக், ஐயோ, அது ரொம்பக் கீழ!" என்று உதவியாளர் அகராதிக்கு மேலிருந்து தவித்தார்.

முகவரி வரைக்கும் வந்தாயிற்று. அப்புறம் எதைத் தட்டினாரோ, எல்லாம் அழிந்து திரை வெள்ளையாகிவிட்டது. உதவியாளரிடமிருந்து ஒரு முனகல் வந்தது. காவலர் வாசலை விட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றார். தலைமை நூலகரும் சாவிக்கொத்தோடு வந்து சேர்ந்தார். அங்கே நின்ற அத்தனை கைகளும் அந்த மௌஸுக்காகத் துடித்தன. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை, நானாக இருந்தால் ஒரு நிமிடத்தில் முடித்திருப்பேன். என் வலது கை தானாக நீண்டது. அதை இழுத்துக் கைப்பைக்குள் செருகிக்கொண்டேன்.

ஆன்ட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். இந்தத் தடவை எது எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. பெயர், ஐ.சி., முகவரி, பார்த்த வேலை எல்லாம் வரிசையாக ஏறின. கடைசியில் 'ஹந்தார்' என்ற பொத்தான் மட்டும் மிச்சம். அதை அழுத்தினால் விண்ணப்பம் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து மகன் வந்து நின்றான். கையில் கார் சாவி. திரையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"நான்தான் போடறேன்னு சொன்னேன்லமா? எந்திரிங்க. வீட்டுக்குப் போய் ராத்திரி போட்டுக்கலாம்."

சொல்லிக்கொண்டே மௌஸுக்குக் கையை நீட்டினான். ராத்திரி போட்டால் யார் வாங்கப்போகிறார்கள்? என் கை இன்னும் கைப்பைக்குள். உதவியாளரின் இரண்டு கையும் அகராதியில்.

பட்டென்று ஒரு சத்தம். சாமிக்குப் படைக்கும் முன்னால் வடையை எடுக்க வந்த கையைத் தட்டுவது போல, ஆன்ட்டி அவன் கையைத் தட்டிவிட்டார்.

"ரெண்டு வாரமா நீ போட்டது போதும்டா. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். ஆன்ட்டி அம்புக்குறியை மெல்ல நகர்த்திக்கொண்டு போய் அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு விண்ணப்பம் கிடைத்துவிட்டது என்று பச்சை எழுத்தில் வந்தது. காவலர் கைதட்ட ஆரம்பித்து, தலைமை நூலகர் பார்த்த பார்வையில் பாதியில் நிறுத்தினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனை வருடம் கல்லூரியில் பாடம் நடத்தி எனக்கு ஒரு தடவைகூட அப்படி ஆனதில்லை.

மகன் குனிந்து அந்தப் பச்சை எழுத்தைப் படித்தான். கோபம் இல்லை, கவலைதான் தெரிந்தது.

"சரிமா, வேலை கெடச்சிருச்சுன்னே வச்சுக்குவோம். யாரு ஒங்கள தெனமும் பெர்மாஸ் ஜெயாவுல கொண்டுபோய் விடறது? நான் விடியறதுக்கு முந்தியே சிங்கப்பூர் பாலத்தத் தாண்டிருவேன். எப்படிப் போவீங்க?"

ஆன்ட்டி உதவியாளர் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, பஸ்ஸு எத்தன மணிக்குன்னு இதுல பாக்கலாமா?"

"பாக்கலாமே ஆன்ட்டி."

மணி ஐந்தாகியிருந்தது. தலைமை நூலகர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தை மேசைமேல் வைத்து உட்கார்ந்தார். ஆன்ட்டி அதற்குள் தேட ஆரம்பித்துவிட்டார். மகன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அம்மா தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.