ஜெபத்துக்கு மேல் பேச்சில்லை

எங்கள் மருத்துவக் கல்லூரியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு விஷயத்துக்காக ஜெபம் செய்து முடித்துவிட்டால், அதன்பின் அதை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. சட்டப் புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, மிஷனரி துரைமார் காலத்திலிருந்து அப்படித்தான் என்பார்கள். கைதூக்கி ஓட்டுப் போடுவது எங்களுக்கு அசிங்கம், கட்சி ஆபீஸ் மாதிரி ஆகிவிடுமாம். அதனால் பேசுவோம், பேசுவோம், கடைசியில் ஒருவர் கண்ணை மூடி ஜெபிப்பார், எல்லோரும் ஆமென் சொல்வோம். அதோடு முடிவாகிவிடும்.

இதன் கூடவே இன்னொரு பழக்கமும் வளர்ந்துவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை ஜெபத்தில் சொல்லிவிடுவோம். "ஆண்டவரே, ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி அக்கறை இல்லாதவங்க இருதயத்தைத் தொடும்" என்று ஒருவர் உருகுவார். வார்டன் கண்ணை மூடிக்கொண்டே பல்லைக் கடிப்பார். சமூக மருத்துவம் சொல்லிக்கொடுக்க வந்த நாளிலிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் நான். கொடைக்கானல் கூட்டத்தோடு அந்தச் சிரிப்பு போயிற்று.

அடுத்த பத்தாண்டுக்குத் திட்டம் போடுவதற்காக எங்களை மலைக்கு அழைத்துப் போயிருந்தார்கள். நாயுடுபுரத்துக்கு மேலே ஒரு பழைய பங்களா. போய் இறங்கியதிலிருந்தே ஒரே மூட்டம். ஜன்னலுக்கு வெளியே இருந்த மரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. ஸ்வெட்டருக்குள் சுருண்டுகொண்டு, சென்னையிலிருந்து வந்த ஆலோசகர் சுவரில் ஒட்டிய சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம். மஞ்சள் சீட்டில் எழுதி எழுதி ஒட்ட வேண்டும். பலவீனம் என்ற கட்டத்தில் யாரோ 'மலை ஆஸ்பத்திரி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். 

மலை ஆஸ்பத்திரி என்பது மலைக்கிராமமான வடகவுஞ்சிக்கு உள்ளே தள்ளி எங்கள் கல்லூரி நடத்திவந்த சின்னக் கிளை. ஒரு டாக்டர், சில நர்ஸ்கள், ஒரு பிரசவ அறை. அதைத் தூக்கி நிறுத்தியிருந்தது பொறுப்பு நர்ஸாக இருந்த சிஸ்டர்தான். கீழே கல்லூரியில் புதுக் கட்டடம் வருகிறது, மெடிக்கல் கவுன்சில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் கணக்குக் காட்ட வேண்டும், மலையில் இருக்கிற டாக்டரையும் நர்ஸ்களையும் இறக்கினால் சரியாகிவிடும். இதுதான் யோசனை. மதியத்துக்குமேல் சிஸ்டர் எழுந்து தன் பக்கத்தைச் சொல்வதாக ஏற்பாடு.

டீ கொண்டுவந்தது பங்களாவில் சமையல் வேலை பார்த்த பெண். நிறைமாதத்தை நெருங்கிய வயிறு. டிரேயை நான் சட்டென்று வாங்கிக்கொண்டேன்.

"ஏம்மா, இந்த நெலமைல படியேறி வரணுமா?"

"வளைகாப்பு முடிஞ்சிருச்சு மேடம். ஞாயித்துக்கெழம அம்மா வீட்டுக்குப் போயிருவேன். அங்க சிஸ்டர் ஆஸ்பத்திரி பக்கத்துலயே கெடக்கு, பயமில்ல" என்று சிஸ்டரைப் பார்த்துச் சிரித்தாள். சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார்.

சாப்பாடு முடிந்து உட்கார்ந்ததும் எங்கள் முதல்வர் எழுந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்ல மாட்டேன். மாணவர்களுக்குக் காய்ச்சல் என்றால் தானே போய் நெற்றியில் கை வைத்துப் பார்க்கிற மனிதர். "இது பாரமான விஷயம். பேசுறதுக்கு முந்தி ஆண்டவர் பாதத்துல வச்சிருவோம். சிஸ்டர், நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றார்.

எனக்குப் பக்கென்றது. வேண்டாம் என்று சிஸ்டருக்குக் கண்ணைக் காட்டினேன். ஆனால் ஜெபிக்கச் சொன்னால் மறுக்கிற ஆள் எங்கள் கல்லூரியில் இன்னும் பிறக்கவில்லை. அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

என்ன ஜெபம் அது! மத்தியானம் பேச வைத்திருந்த எல்லாவற்றையும் ஆண்டவரிடம் கொட்டினார். மழை வந்தால் மரம் விழுந்து ரோடு அடைபடுவதைச் சொன்னார். கம்பில் தொட்டில் கட்டித் தூக்கிவரப்பட்ட நோயாளிகளைச் சொன்னார். "ஞாயித்துக்கெழம ஒரு புள்ள தலப்பிரசவத்துக்கு வருது ஆண்டவரே, நான் இல்லாட்டி அது எங்க போகும்?" என்று கேட்டபோது அறையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிஸ்டர் ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆமென் என்றார். எல்லோரும் ஆமென் என்றோம்.

முதல்வர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நிஜமாகவே அழுதிருந்தார். "சிஸ்டரே ஆண்டவர் கையில ஒப்புக்கொடுத்து ஜெபிச்சிட்டாங்க. இனி அவர் பாத்துக்குவார். அடுத்த சோலியப் பாப்போம்" என்றார். ஆலோசகர் மலை ஆஸ்பத்திரிச் சீட்டைப் பிய்த்து, 'முடிவானவை' என்று தனியாக வைத்திருந்த தாளில் ஒட்டினார்.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, ஜெபந்தான பண்ணுனாங்க சிஸ்டர்? பேசவே இல்லையே!"

"ஜெபத்துக்கு மேல என்னம்மா பேச்சு?"

அத்தனை பேரும் நான் ஏதோ தேவதூஷணம் சொன்னதுபோலப் பார்த்தார்கள்.  சிஸ்டர் என் சேலையைப் பிடித்து இழுத்து, "விடுங்க மேடம்" என்றார். உட்கார்ந்தேன்.  எனக்கு வந்தது கோபமா, பயமா என்று அப்போது தெரியவில்லை. இரண்டும்தான்.

வெளியே வராண்டாவில் சிஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எல்லாரும் அழுதாங்களே மேடம். அது போதும்னு நெனச்சுட்டேன்" என்றார். பிறகு நேராகச் சமையலறைக்குப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வீட்டுக்குப் போகாத. நான் அங்க இருக்க மாட்டேன். இங்கயே இரு, கொடைக்கானல் பெரியாஸ்பத்திரி பக்கத்துல இருக்கு" என்று கெஞ்சினார்.

அவள் விழித்தாள். "தலப்பிரசவத்துக்குப் பெத்தவ வீட்டுக்குப் போகலன்னா ஊர்ல என்ன பேசுவாங்க சிஸ்டர்? நீங்க அதுக்குள்ள வெரசா வந்துர மாட்டீங்களா?"

ஒரு வாரத்துக்குள் மலை ஆஸ்பத்திரியைப் பூட்டினார்கள். எங்கள் நிர்வாகம் அவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை. சிஸ்டரை நர்ஸிங் வகுப்பு எடுக்கக் கீழே அழைத்துக்கொண்டார்கள், என் அறைக்கு எதிர் அறை. போனை மேசைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். வகுப்பிலும் அப்படியே. மாணவிகள் கேலி பேசினார்கள்.

ஒரு மதியம் அந்தப் போன் அடித்தது. பங்களாவில் சமைத்த அந்தப் பெண்ணின் அம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போக வடகவுஞ்சியிலிருந்து ஜீப்பில் கிளம்பியிருக்கிறார்கள். அடைமழை. வளைவில் மரம் விழுந்து கிடக்கிறது, அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ், இந்தப் பக்கம் இவர்கள். "தல தெரியுது சிஸ்டர், நான் என்ன செய்ய, நான் என்ன செய்ய" என்ற கத்தல் எனக்கே கேட்டது. அவர் அறைக்கு ஓடி, கதவைச் சாத்திவிட்டு நானும் அவர் பக்கத்தில் நின்றேன்.

சிஸ்டர் குரல் கொஞ்சமும் உயரவில்லை. "பதறாத ஆத்தா. துணிய விரிச்சியா? கழுத்துல கொடி சுத்திக் கெடக்கான்னு வெரலால பாரு. சுத்தியிருந்தா மெதுவா தலைக்கு மேல எடுத்து விடு." அப்புறம், "வந்துருச்சா? சரி. மூக்கையும் வாயையும் தொடச்சு விடு. முதுகத் தேச்சு விடு."

குழந்தை அழும் சத்தத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

"சிக்னல் போயிருச்சா?" என்றேன். போயிருக்க வேண்டும் என்று மனசுக்குள் மன்றாடினேன்.

சிஸ்டர் போனை ஸ்பீக்கரில் போட்டார். ஜீப்பின் மேல் மழை விழும் சத்தம் தெளிவாக வந்தது. டிரைவர் யாருக்கோ வழி சொல்வதும் வந்தது.

"தேச்சு விடு ஆத்தா" என்றார் சிஸ்டர். "நிறுத்தாத. தேச்சு விடு."