நீலச் சட்டியும் பிரெஞ்சு மனிசியும்

என் கணவருக்கு ஊரில் ஒரு பைத்தியமும் இருக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் பாய்மரப் படகுப் பைத்தியம் பிடித்தது. அவருடைய பக்டரியில் சுப்பவைசராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பென்சன் எடுத்ததும் ஒரு படகு வாங்கினார். கோடையில் அதைக் கழுவித் துடைக்க உதவிக்குப் போன இவர், ஏரிக்காற்றில் முகம் கறுத்து, கடல்மாலுமியாகத் திரும்பி வந்தார். எங்கள் மோர்னிங்சைட் அபார்ட்மெண்டில் எந்தக் கதவுப் பிடியைத் தொட்டாலும் அதில் கயிற்று முடிச்சு ஒன்று தொங்கும். இத்தனைக்கும் இவர் பிறந்தது கிணறும் தோட்டமுமான ஊரில். கடலை ஒழுங்காகப் பார்த்தது பள்ளிக்கூடச் சுற்றுலாவில்தான்.

கடல் தெரிந்தவள் நான். அதனால்தான் எனக்கு அது வேண்டாம். சண்டை நேரம் ஊரை விட்டு வெளிக்கிட்டபோது, நேவிக்குத் தெரியாமல் இரவில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்தவள். மற்றக் கரையில் கால் வைத்ததும், இனிச் செத்தாலும் வள்ளம் ஏறமாட்டேன் என்று சத்தியம் செய்தவள்.

கனடாப் பாஸ்போர்ட் கையில் கிடைத்த அடுத்த மாசியில் சுப்பவைசர் எங்களை அழைத்தார். குளிர்காலத்தில் அவரும் மனைவியும் கரீபியன் தீவுகளில் படகோடு திரிவார்கள். உங்களுக்கு ஓர் அறை இருக்கிறது, வந்து கூட ஓடுங்கள் என்றார். இவர் ஒரு கிழமை சாப்பாட்டில் உப்பிருக்கா இல்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

"நீர் ஒருக்கா வந்து பாரும். ஏலாதெண்டால் எயார்போட் இருக்கிற முதல் தீவில உம்மை இறக்கி, நானும் உம்மோட பிளேன் ஏறுறன். சத்தியமா."

அவர் முகம் அவ்வளவு கெஞ்சியது. எனக்கு இரக்கம் வந்துவிட்டது. பிள்ளைகளைத் தங்கையிடம் விட்டேன். "அக்கா, உனக்கென்ன விசரே?" என்றாள் அவள். ஓம், பைத்தியம்தான் என்று நானும் நினைத்தேன்.

பிளேனில் போய் ஒரு தீவில் அவர்களுடைய படகில் ஏறினோம். படகு ஓடும் நேரமெல்லாம் நான் கீழே அறையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தேன். மேலே இவர் சிரிக்கும் சத்தம் கேட்கும். எனக்குப் பற்றி எரியும். நங்கூரம் போட்டு, படகு ஒரு குடாவுக்குள் அசையாமல் நின்ற பிறகுதான் மேலே வருவேன். வந்து பார்த்தால், பொய் சொல்லக்கூடாது, அழகுதான். பச்சைத் தண்ணீர், தென்னைகள், எங்களோடு ஒரே வழியில் வரும் நாலைந்து படகுகள். பின்னேரமானால் றப்பர் வள்ளங்களில் ஆளுக்காள் விருந்தாடப் போவார்கள்.

அப்படித்தான் முதல் மாலையே மொன்றியலில் இருந்து வந்த ஒரு பிரெஞ்சு மனிசி, நீல நிறச் சட்டி நிறைய மீன் சூப் கொண்டுவந்து தந்தாள். அறுபது வயதிருக்கும், காலில் செருப்பில்லை, சிரித்தால் குடா முழுக்கக் கேட்கும். சூப்பைக் குடித்துச் சட்டியைக் கழுவினேன். வெறும் சட்டியை எப்படித் திருப்பிக் கொடுப்பது? எங்கள் வீடுகளில் அப்படிக் கொடுத்தால் அது பேச்சுவார்த்தை இல்லாத கோபக்காரர் செய்கிற வேலை. நல்லவேளை, தீவுகளில் ஒன்றும் கிடைக்காது என்று பயந்து அரைப் பெட்டி நிறையப் பலகாரம் கொண்டுபோயிருந்தேன். சட்டி நிறையப் பருத்தித்துறை வடையைப் போட்டு அனுப்பினேன்.

அடுத்த நாள் அதே சட்டி வாழைப்பழக் கேக்கோடு திரும்பி வந்தது. நான் எள்ளுருண்டை போட்டேன். அது அவித்த இறாலோடு வந்தது. நான் மிக்சர் போட்டேன். பெட்டி காலியானது. பிறகு சமைக்கத் தொடங்கினேன். தீவுக் கடையில் தேங்காய் இருந்தது, திருவலை எங்கே இருக்கப்போகிறது? சுப்பவைசர் சோடா மூடி ஒன்றைத் தடியில் ஆணியால் அடித்துத் தந்தார். அதால் துருவித் துருவிக் கை புண்ணாகிப்போனது. ஆனாலும் விடவில்லை. நாய் வேஷம் போட்டால் குரைக்கத்தானே வேண்டும்.

ஒருநாள் சுப்பவைசரின் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார். அந்தப் பிரெஞ்சு மனிசி தன்னிடம் இரகசியமாக ஒன்று கேட்டாளாம். சட்டி ஒவ்வொரு முறையும் நிறைந்து வருகிறதே, பதிலுக்குச் செய்து செய்து களைத்துவிட்டேன், இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டாளாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிறுத்துவதா? அவள் நிறுத்தட்டும், நான் நிறுத்தமாட்டேன்.

எயார்போட் இருக்கிற தீவுக்கு ஒரு பின்னேரம் வந்து சேர்ந்தோம். மலையடியில் பிளேன் இறங்குவது தெரிந்தது. இவர் என் பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தார். தன்னுடையதையும் பக்கத்தில் வைத்தார். சொன்ன சொல் மாறாத மனிதர். அந்த இரண்டு பெட்டிகளையும் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் மனதை மாற்றவில்லை. அடுத்த தீவுக்கு நடுவில் பெருங்கடல், ஒரு கரையும் தெரியாது என்று சொல்லியிருந்தார்கள்.

காலையில் எழும்பி மேலே வந்தேன். பிரெஞ்சு மனிசியின் படகு நின்ற இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் படகின் ஓரத்தில், துணியால் மூடியபடி, நீலச் சட்டி. உள்ளே சுடச்சுடப் பாண், அவள் கையால் சுட்ட பிரெட்.

"கள்ளி!" என்று கத்தினேன். "வைச்சிட்டு ஓடிட்டா!"

இவர் எட்டிப் பார்த்தார். "விடும். அவ ஒண்டும் நினைக்கமாட்டா. சட்டியை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோவம்."

"ஊரார் வீட்டு ஏதனத்தோட பிளேன் ஏறச் சொல்லுறியளே? அவ என்னை என்ன பொம்பிளை எண்டு நினைப்பா? நங்கூரத்தைத் தூக்கச் சொல்லுங்கோ!"

சுப்பவைசருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நங்கூரத்தைத் தூக்கினார்.

ஆடுகிற அடுப்பில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேங்காய்ப்பூ ரொட்டி சுட்டேன். கட்டைச் சம்பல் இடித்தேன். சட்டியை நிரப்பி மூடிய பிறகுதான், மேலே இவர் "அந்தா, அவையின்ர பாய்!" என்று கூப்பிடுவது கேட்டது. சட்டியோடு ஏறி ஓடினேன்.

தூரத்தில் வெள்ளைப் பாய் ஒன்று சரிந்து போய்க்கொண்டிருந்தது. சட்டியைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினேன். "நில்லணை! எங்க ஓடுறாய்? உன்ர சட்டி இஞ்ச கிடக்கு!" பிரெஞ்சுக்காரிக்கு யாழ்ப்பாணத் தமிழில் கத்தினேன். அவள் கண்டுவிட்டாள். இரண்டு கையையும் காட்டினாள். பிறகு புருஷனிடம் என்னவோ சொன்னாள். அவர்கள் பாயை இன்னும் இழுத்து விரைவாக ஓடத் தொடங்கினார்கள். இவரோ சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார்.

"என்ன பல்லைக் காட்டுறியள்? அந்தப் பக்கம் வெட்டுங்கோ! காத்து அங்கயிருந்தெல்லோ வருது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு பக்கமும் தண்ணீர். நான் நின்றுகொண்டிருக்கிறேன். கத்திக்கொண்டிருக்கிறேன்.

கிளாலியில் வள்ளக்காரன் எங்களுக்குச் சொன்னது ஒன்றுதான்: சத்தம் வரக்கூடாது. மூத்த மகளின் வாயை என் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, அவள் மூச்சு விடுகிறாளா என்று விரலால் பார்த்துப் பார்த்து வந்தேன். பக்கத்தில் இருந்தவர் இருமலை விழுங்கினார். கடலில் மனிதர் வாய் திறக்கலாம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

கண்ணீர் வந்தது. துடைக்கவில்லை. தொண்டை கட்டும்வரை கத்தினேன். சும்மா கத்தினேன், சொல்லே இல்லாமல். இவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வள்ளத்தில் அவரும் இருந்தவர்தானே.

கொஞ்ச நேரம் கழித்து, மெல்லக் கேட்டார்: "என்னப்பா, திரும்பி எயார்போட்டுக்கு விடட்டோ?"

"விசர்க்கதை கதையாதையுங்கோ," என்றேன். "அவ தப்பிப் போறா. பிடியுங்கோ!"